நான்காவது குளம்பு

குதிரை பல்லைக் காட்டியது. ஊசியும் பதிலுக்குப் பல்லைக் காட்டினாள்.

"பாஸ், எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு."

"அது சிரிக்கல ஊசி. உன்னைத் தள்ளி நிக்கச் சொல்லுது."

"தள்ளி நில்லுன்னு சொல்றதைக்கூடச் சிரிச்ச முகமா சொல்லுது பாருங்க. உங்ககிட்ட வேலை செய்யறதுக்கு முன்னாடி இதுகிட்ட சேர்ந்திருக்கலாம்."

ஊரில் எல்லோரும் அவரைப் 'பொறுமை' என்றுதான் அழைத்தார்கள். துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகு அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு சொல்கூடப் போட மாட்டார். அவருடைய உதவியாளருக்கு ஊசி என்ற பெயர் ஏன் வந்தது என்பது, அவள் வாயைத் திறந்த மறுகணமே யாருக்கும் விளங்கிவிடும்.

முன்னங்கால் முட்டிகள் இரண்டிலும் துணி சுற்றிக் கட்டியிருந்த அந்தப் பழுப்பு நிறப் பெண் குதிரைக்கு மகாராணி என்று பெயர். ஐஸ் வண்டி இழுக்கிற குதிரை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்திருந்த வண்டியின் ஏர்க்கால் ஒன்று முறிந்திருந்தது. ஐஸ் கட்டிகளை மூடி வைக்கிற மரத்தூள் பலகை இடுக்குகளில் இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் வண்டிக்காரர் மண்ணுக்குள் போய்விட்டார்.

பொறுமை கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். சாவு நடந்த வீட்டில் வேலை என்றால், தொடங்குவதற்கு முன் அவர் கடவுளிடம் ஒன்றுதான் கேட்டுக்கொள்வார்: என் கையால் இந்த வீட்டுக்கு இன்னொரு வலி வர வேண்டாம்.

"தண்ணி குடிங்க," என்று இரண்டு டம்ளர்களை நீட்டினார் வண்டிக்காரரின் மனைவி. நாற்பதைத் தாண்டிய பெண்மணி. அழுது அழுது குரல் உடைந்திருந்தது. அந்த நிலையிலும் வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு அவரை விட்டுப் போகவில்லை.

"நான் உங்களை வரச் சொன்னது ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான். என் தம்பி ஏன் இதைச் செஞ்சான்? செஞ்சானா இல்லையான்னு கேக்கல. செஞ்சுட்டான். ஏன்னு மட்டும் எனக்குத் தெரியணும். நாளைக்கு அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க. அதுக்குள்ள தெரியணும்."

"தம்பிதான் லாடக்காரரா?"

"ஆமா. நான் இடுப்புல தூக்கி வளர்த்த பிள்ளை."

அவர் சொல்லச் சொல்லப் பொறுமை கேட்டுக்கொண்டிருந்தார். ஊசிகூட வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஆணி அடிச்சு அடிச்சு மகாராணியோட குளம்பு ஓரமெல்லாம் பொரிஞ்சு போச்சு. இனிமே இரும்பு லாடம் அடிக்க இடமே இல்லன்னு தம்பிதான் சொன்னான். வெறுங்காலோட விட்டுப் பார்த்தோம். தார் ரோடு அரைச்சுத் தள்ளிடுச்சு. தோல்ல பூட்ஸ் மாதிரி தெச்சு மாட்டிப் பார்த்தோம். ஐஸ் தண்ணி உள்ள இறங்கி, ஊறி, புண்ணு வந்துச்சு. கடைசியில எங்க வீட்டுக்காரர் எங்கயோ கேட்டுட்டு வந்தார், ரப்பர்ல லாடம் இருக்காம், பசை போட்டு ஒட்டிடலாம், ஆணியே வேண்டாமாம்னு."

"தம்பிக்குப் பிடிக்கலையா?"

"இரும்பைத் தவிர எதையும் அவன் லாடம்னே சொல்ல மாட்டான். டீக்கடையில எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னான், 'மாமா, இது ரெண்டு நாள் நிக்காது, பாத்துக்கங்க'ன்னு. அப்புறம் அவனே போய் வாங்கிட்டு வந்து ஒரு நாள் காலையில ஒட்டினான். சொன்ன மாதிரியே ரெண்டே நாள்."

ஐஸ் பேக்டரியிலிருந்து வரும் இறக்கத்தில் மகாராணியின் இடது முன்னங்கால் லாடம் கழன்றது. குதிரை முட்டி போட்டு விழுந்தது. வண்டிக்காரர் குதித்து இறங்கி, அதன் தலையைப் பிடிக்க ஓடினார். பின்னாலிருந்த ஐஸ் பாரம் வண்டியைத் திருப்பிவிட்டது. பக்கத்தில் சுவர்.

அதற்கு மேல் அந்தப் பெண்மணியால் சொல்ல முடியவில்லை. 

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே தொடர்ந்தார். "நான் ஓடிப் போறதுக்குள்ள தம்பி வந்துட்டான். ரோட்ல கிடந்த லாடத்தைக் கையில எடுத்து வெச்சிருந்தான். அதை மூக்குகிட்ட கொண்டு போனான். அப்படியே தரையில உக்காந்துட்டான். என்னடா ஆச்சுன்னு சட்டையைப் பிடிச்சு உலுக்கினேன், அடிச்சேன். 'என் தப்புதான்கா'ன்னான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்கிட்டயும் பேசல, போலீஸ்கிட்டயும் பேசல. நான்தான் போய்ப் புகார் எழுதிக் குடுத்தேன்."

ஊசி மெல்லக் குதிரையின் பின்பக்கம் நகர்ந்தாள்.

"அங்க போகாதீங்கம்மா. அந்த வலது பின்னங்கால்கிட்ட போகாதீங்க. குட்டியா இருக்கும்போது கம்பி கிழிச்ச கால். எங்க வீட்டுக்காரரையும் தம்பியையும் தவிர யார் தொட்டாலும் உதைக்கும்."

"மகாராணின்னா சும்மாவா," என்றாள் ஊசி, பின்வாங்கியபடியே. "ரெண்டு பேருக்குத்தான் அனுமதிச் சீட்டு."

வாசலில் யாரோ துக்கம் கேட்க வந்திருந்தார்கள். அந்தப் பெண்மணி உள்ளே போனார்.

பொறுமை குனிந்து மகாராணியின் வலது முன்னங்காலைத் தட்டினார். குதிரை சமர்த்தாகக் காலைத் தூக்கிக் கொடுத்தது. ரப்பர் லாடத்தின் ஓரத்தில் ஊசி நகத்தை விட்டு இழுத்தாள். வாழைப்பழத் தோல் மாதிரி அது உரிந்து அவள் கையோடு வந்துவிட்டது.

"பாஸ், நான் ஒண்ணும் செய்யல. அதுவா வந்துச்சு."

இடது பின்னங்காலும் அப்படித்தான். லேசாக இழுத்ததும் லாடம் தனியே வந்தது.

மிச்சமிருந்தது வலது பின்னங்கால். ஊசி மூலையில் கிடந்த நீளத் துடைப்பத்தை எடுத்து, அதன் காம்பால் தூரத்திலிருந்து லாடத்தின் ஓரத்தை நெம்பினாள். மகாராணி உதைத்தது. உதை கொட்டகைத் தூணில் விழுந்தது. தகரக் கூரை முழுவதும் அதிர்ந்து, இரண்டு புறாக்கள் பறந்து போயின. லாடம் மட்டும் இம்மி அசையவில்லை.

ஊசி உடைந்த துடைப்பத்தைப் பார்த்தாள். "இந்த உதைக்கே கழலலைன்னா அது கவர்ன்மெண்ட் வேலை பாஸ். ஒரு தடவை உக்காந்தா எழுந்திரிக்காது."

"லாடக்காரர் ஏன் அதை மோந்து பார்த்தார்?" என்றார் பொறுமை.

"செருப்பை மோந்து பாக்கறது சிலருக்குப் பழக்கம். என் பெரியப்பா..."

"மோந்து பாரு."

ஊசி முகத்தைச் சுளித்துக்கொண்டே லாடத்தின் உட்புறத்தை மூக்கருகே கொண்டுபோனாள். சுளிப்பு மாறியது. "இது பசை வாசம் இல்ல. பெயின்ட் கடை வாசம்."

பொறுமை லாடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காய்ந்த பசை பாலாடை மாதிரி முழுசாக ரப்பரிலேயே தங்கியிருந்தது. குளம்பை அது தொடவே இல்லை. அதன்மேல் மஞ்சளாக ஒரு மினுமினுப்பு. விரலால் தடவினார். வழுக்கியது.

"எண்ணெய்," என்றார்.

*

போலீஸ் ஸ்டேஷன் போகிற வழியில் ஊசி கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள்.

"ஒட்டின ஆள் ஒருத்தர். பசை ஒரே டப்பா. ஒட்டினது ஒரே காலையில. மூணு கழலுது, ஒண்ணு நிக்குது. அப்போ பசை நல்ல பசை."

"சரி."

"மூணு குளம்புல எண்ணெய் தடவியிருக்காங்க. ஒட்டறதுக்கு முன்னாடி. நாலாவதுல தடவல. ஏன் பாஸ், எண்ணெய் தீந்து போச்சா?"

"எண்ணெய் தீரல. துணிச்சல் தீர்ந்துடுச்சு."

ஊசி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார். "அட. வலது பின்னங்கால். தொட்டா உதைக்கும். தடவின ஆளுக்கு அந்தக் கால்கிட்ட போக பயம்."

"லாடக்காரரை அது உதைக்காது. அவர் கெடுக்கணும்னு நினைச்சிருந்தா நாலையும் கெடுத்திருப்பார்."

"அப்போ அவர் செய்யல." ஊசியின் முகம் மலர்ந்தது. "அந்த அம்மாவுக்குத் தம்பி திரும்பக் கிடைச்சாச்சு. டீக்கடையில சொன்னதெல்லாம் மாமன் மச்சான் கேலி. எங்க வீட்லயும்தான் என் மாமா புது ஸ்கூட்டர் வாங்கினப்போ, அடுத்த வாரம் தள்ளிக்கிட்டு வருவீங்கன்னேன். அதுக்காக என்னை உள்ள போட முடியுமா?"

பொறுமைக்கும் மனம் லேசாகத்தான் இருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவருக்குத் தம்பியையாவது திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்பு அவரைக் கொஞ்சம் வேகமாக நடக்க வைத்தது. ஆனால் தெருமுனையில் அவர் நடை தளர்ந்தது.

"எண்ணெய் வாசம் அவருக்கு அன்னைக்கே தெரிஞ்சுடுச்சு ஊசி. அப்புறம் ஏன் என் தப்புன்னார்?"



*

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். லாடக்காரரை லாக்கப்பில் போடாமல், பின்னறையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். "பேச மாட்டேங்கறார், சாப்பிட மாட்டேங்கறார். அடிச்சுக் கேக்கற ஆள் நான் இல்ல. நீங்க கேட்டுப் பாருங்க," என்று சொல்லிவிட்டு வெளியே தாழ்வாரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

லாடக்காரருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தீப்பொறி பட்ட தழும்புகள் முழங்கை வரை இருந்தன. தலை குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

பொறுமை பக்கத்தில் உட்கார்ந்து, கொட்டகையில் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மூன்று லாடம் கழன்றது, நாலாவது நின்றது, எண்ணெய், உதை. "நீங்க கெடுக்கலன்னு எனக்குத் தெரியும் தம்பி," என்று முடித்தார்.

லாடக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நன்றி இல்லை, பயம் இருந்தது.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

"இன்னும் இல்ல."

"சொல்லாதீங்க. உங்க காலைப் பிடிக்கிறேன். இதோட விட்டுடுங்க."

"யாரைக் காப்பாத்தறீங்க?"

லாடக்காரர் தரையைப் பார்த்தார்.

"நீங்க ஒட்டறதுக்கு முந்தின சாயந்திரம் அந்தக் கொட்டகைக்கு யார் வந்திருப்பாங்க?" என்று கேட்டார் பொறுமை, மிக மெதுவாக.

லாடக்காரர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "வேற யார் சார் வருவாங்க? அது அக்கா கொட்டகை."

ஊசி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

லாடக்காரர் அதன் பிறகு நிறுத்தவில்லை. அதுவரை அடைத்து வைத்ததெல்லாம் வந்தது.

"கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன நாள்லேர்ந்து குதிரைக்குச் சாயந்திரம் குளம்புல எண்ணெய் தொட்டு வெக்கறது அவ வேலை. அந்த ஒரு காலைத் தவிர. அதை மாமா பாத்துப்பார், அதுவும் ஞாபகம் வந்தாத்தான். ஆளிவிதை எண்ணெய், பெயின்ட்ல கலப்பாங்களே அது. வெடிக்காம இருக்கும். இரும்பு லாடம் அடிச்ச வரைக்கும் அது நல்லதுதான் சார். ஆணிக்கு எண்ணெய் என்ன செய்யும்? ஆனா பசைக்கு ஆகாது. குளம்பு சுத்தமா, காய்ஞ்சு இருக்கணும். வண்டி விடிஞ்சதும் கிளம்பணும், பசை இறுகவும் நேரம் வேணும். அதனால முந்தின நாள் மத்தியானமே நாலு குளம்பையும் அரம் போட்டுத் தேய்ச்சு, ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு வெச்சுட்டு வந்தேன். காலையில இருட்டோட போய், காய்ஞ்ச துணியால ஒரு துடை துடைச்சு ஒட்டிட்டேன். ராத்திரி பூரா எண்ணெயைக் குடிச்சுட்டுச் சாதுவா நின்னுட்டிருந்திருக்கு அந்தக் குளம்பு. பசை நெடியில எனக்குத் தெரியல."

"எண்ணெய் வேண்டாம்னு அக்காகிட்ட சொல்லலையா?"

லாடக்காரர் தழும்பேறிய கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"மாமாகிட்ட சொன்னேன். கிளம்பும்போது வாசல்ல வெச்சுச் சொன்னேன். 'இன்னைக்கு ஒரு நாள் எண்ணெய் வேண்டாம்னு அக்காகிட்ட சொல்லிடுங்க'ன்னு. 'சரிடா பசை வியாபாரி'ன்னு சிரிச்சார். மறந்திருப்பார். நாள் பூரா ஐஸ் கட்டி தூக்கற மனுஷன். யார்தான் மறக்க மாட்டாங்க."

தாழ்வாரத்தில் இன்ஸ்பெக்டரின் நாற்காலி கிறீச்சிட்டது.

"இப்போ சொல்லுங்க சார், நான் யாரைச் சொல்லட்டும்? உன் கையாலதான்கான்னு அவகிட்ட சொல்லவா? இல்ல, மாமா மறந்ததாலதான்னு சொல்லவா? செத்தவர் வந்து 'இல்ல'ன்னு சொல்ல முடியுமா? என் மேல கோபம்னா அவ கோபப்பட்டுக்கிட்டாவது உயிரோட இருப்பா. அம்மா செத்தப்போ எனக்கு மூணு வயசு. நான் தூங்கினப்புறம்தான் அவ அழுவாளாம். நாளைக்குக் கோர்ட்ல ஒத்துக்கறேன். முடிஞ்சுடும்."

"முடியாது தம்பி," என்றார் பொறுமை. "கோபம் அவங்களை நிக்க வெச்சிருக்குன்னு நினைக்கறீங்க. நான் இன்னைக்குப் பார்த்தேன். ரெண்டு பேரைப் பறிகொடுத்த மாதிரிதான் இருக்காங்க."

லாடக்காரர் மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் ஊசி மூக்கை உறிஞ்சினாள். "பாஸ். யாரோ தெரியாத ஆள் வந்து தடவிட்டான்னு சொல்லிடுவோம். ஒரே ஒரு தடவை."

"அந்தத் தெரியாத ஆளைத் தேடி அவங்க தெருவுல ஒவ்வொருத்தர் முகமா பார்ப்பாங்க. சாகற வரைக்கும்."

"அப்போ என்னதான் சொல்லப் போறீங்க?"

"தெரியல," என்றார் பொறுமை. இத்தனை வருஷத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி ஊசி கேட்டதில்லை.

அவர் நேராக அந்த வீட்டுக்குப் போகவில்லை. வழியிலிருந்த ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். சாயங்கால வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தார். ஊசி பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், சரளைக் கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். அவர் எழுந்தபோது முகத்தில் தெளிவு எதுவும் இல்லை. ஆனால் எழுந்தார்.

*

கொட்டகைக்குள் நுழைந்ததும் ஊசி பொறுமையின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பெயின்ட் கடை வாசம்.

அந்தப் பெண்மணி ஒரு கிண்ணத்தோடு மகாராணியின் இடது முன்னங்கால் அருகே குந்தி உட்கார்ந்திருந்தார். விரலால் எண்ணெயைத் தொட்டுக் குளம்பில் வட்டமாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"வாங்க. இந்த ஒரு வேலையை மட்டும் விட முடியல. இது என்ன பாவம் செஞ்சுது? குளம்பு வெடிச்சா வலிக்குமே." கை தானாகத் தடவிக்கொண்டிருந்தது. "போய்ப் பாத்தீங்களா அவனை?"

"பார்த்தோம்மா. உங்க தம்பி கெடுக்கல. வேணும்னு எதையும் செய்யல."

கை நின்றது. அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதைப் பார்த்த ஊசி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்போ யாரு?"

பொறுமை தலை குனிந்தார்.

"அப்போ லாடம் ஏன் கழண்டுச்சு?" அவர் எழுந்து வலது முன்னங்காலுக்கு வந்தார். குந்தினார், எண்ணெயைத் தொட்டார். அப்போதுதான் வெறும் குளம்பைக் கவனித்தார். "இதுல இருந்த லாடம் எங்க?"

"காலையில லேசா இழுத்தோம். கையோட வந்துடுச்சு."

"பின்னாடி?"

"இடது பக்கம் இருந்ததும் வந்துடுச்சு."

"வலது?"

"அம்மா, கிண்ணத்தைக் கீழ வெச்சுட்டுக் கொஞ்சம் உக்காருங்க," என்றார் பொறுமை.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சுற்றிவந்து பார்த்தார். மூன்று கால்கள் வெறுமனே இருந்தன. தான் ஒருநாளும் தொடாத அந்த நாலாவது காலில் மட்டும் கறுப்பு ரப்பர் லாடம் அழுத்தமாக நின்றிருந்தது. பிறகு தன் விரல்களைப் பார்த்தார். விரல்களை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார், அன்று ரோட்டில் தம்பி செய்ததைப் போலவே.

அவர் அழவில்லை. கிண்ணத்தைச் சிந்தாமல் தரையில் வைத்தார்.

"அன்னைக்கு ரெண்டு தடவை தடவினேன்," என்றார். "புது லாடம் போடப் போறாங்களே, இதுக்கு வலிக்காம இருக்கணும்னு. ஒரு தடவை தடவி, காய்ஞ்சப்புறம் இன்னொரு தடவை."

செங்கல் தரையில் பொறுமை அவருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். "அது அன்பும்மா. கடவுளுக்கு அது தெரியும்."

"அவர் திரும்பி வருவாரா?"

"வர மாட்டார்மா."

அந்தப் பதிலுக்குத்தான் அவர் காத்திருந்தது போலத் தலையாட்டினார். மகாராணியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். குதிரை கழுத்தை வளைத்து அவர் தோளை முகர்ந்தது.

ஊசி உள்ளே போய் ஒரு பாத்திரத்தில் வெந்நீரும் துணியும் கொண்டுவந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக எண்ணெய் போகத் துடைத்தாள். நகக்கண் வரைக்கும் துடைத்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் மனிதர்களால் ஒருவருக்கொருவர் செய்ய முடிந்தது இவ்வளவுதான் என்று பொறுமைக்குத் தோன்றியது. அது சின்ன விஷயம் இல்லை என்றும் தோன்றியது.

"அவனுக்குத் தெரியும்," என்றார் அந்தப் பெண்மணி திடீரென்று. "மோந்து பார்த்தானே. அப்பவே தெரியும்." எழுந்து நின்றார். "என் செருப்பு எங்க?"

*

ஸ்டேஷனில் விளக்குப் போட்டிருந்தார்கள். பின்னறைக்குள் அக்கா வந்து நின்றதும் லாடக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்தார். பொறுமையைப் பார்த்தார். 'நான் சொல்லவில்லை' என்பது போலப் பொறுமை தலையசைத்தார்.

"யாரும் சொல்லல," என்றார் அக்கா. "நானே பார்த்துட்டேன்."

தம்பி பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எண்ணெய் தடவினது நான்."

"தெரியும்கா."

"அடிச்சேனேடா உன்னை, ரோட்ல வெச்சு. எல்லார் முன்னாடியும். வாயைத் திறக்கல நீ."

"அடிச்சா என்ன. நீ அடிக்காததா?"

அக்கா இன்னும் ஓர் எட்டு நெருங்கினார். குரல் மெலிந்தது. கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்கிற மாதிரி இருந்தது.

"முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. இன்னைக்கு எண்ணெய் வேண்டாம்கான்னு ஒரே ஒரு வார்த்தை. ஏன் யாருமே எனக்குச் சொல்லல?"

பொறுமை சுவரைப் பார்த்தார். வாசலில் ஒரு சிரிப்போடு சரி என்று சொல்லிவிட்டு, அதைச் சொல்லாமலே போய்விட்ட ஒரு மனிதர் அந்த அறையில் அவர்களோடு நின்றுகொண்டிருந்தார்.

"மறந்துட்டேன்கா," என்றார் லாடக்காரர். "சொல்லணும்னுதான் இருந்தேன். மறந்துட்டேன்."

அக்கா அவரை அடித்தார். மார்பில், தோளில், பலமில்லாத கைகளால் அடித்தார். தம்பி அசையாமல் வாங்கிக்கொண்டார். அடி மெதுவாகிக் கடைசியில் கை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

"நீயும் இங்க வந்து உக்காந்துக்கிட்டா," என்றார், "நான் யார்கிட்டடா போய் அழுவேன்?"

அதன் பிறகுதான், புருஷன் இறந்த நாளிலிருந்து அழாத ஓர் அழுகை அவரிடமிருந்து வந்தது. தம்பி அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் கதவருகே வந்து நின்றார். பொறுமையின் பக்கம் சாய்ந்து, மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார். "புகாரை முடிக்கணும். மத்தியானம் என் காதுல வேற மாதிரி விழுந்துச்சே. மறந்தது இவர்தானா?"

பொய் சொல்கிற பழக்கம் பொறுமைக்கு இல்லை. உண்மையைச் சொன்னால் அது எங்கே போய் விழும் என்பதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விபத்துன்னு எழுதுங்க சார்," என்றார். "அதுல பொய் இல்ல."

இன்ஸ்பெக்டர் பெஞ்சைப் பார்த்தார். மேஜைக்குப் போய்ப் பேனாவைத் திறந்து அந்த ஒரு வார்த்தையை எழுதினார். பிறகு அந்த அறையின் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, அவர்களாக வெளியே வரும்வரை யாரையும் உள்ளே விடாமல் வாசலில் நின்றுகொண்டார்.